வாசிக்கச் சொன்ன நாள்: மாற்றுக் கல்வி மையத்தில் ஒரு பயிற்சி ஆசிரியையின் 12 வாரங்கள்

பயிற்சி ஆசிரியர்கள் எங்கள் மையத்துக்கு வரும் முதல் நாள் காலையில் நான் தவறாமல் ஒரு காரியம் செய்வேன். மாணவர்களின் கோப்புகள் இருக்கும் அலமாரியைப் பூட்டிச் சாவியை என் மேசைக்குள் போட்டுவிடுவேன். 11 வருடப் பழக்கம். பிள்ளைகளைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் படிப்பதற்கு முன்னால் பிள்ளைகளைப் பார்க்கட்டும் என்பது என் எண்ணம். பழைய பள்ளியில் இருந்து வரும் கோப்பில் "அடங்காதவன்", "கவனமில்லை", "வீட்டில் ஒத்துழைப்பு இல்லை" என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அதைப் படித்துவிட்டு வகுப்புக்குள் வருகிறவர் அடங்காதவனைத்தான் தேடுவார். தேடினால் கிடைப்பான்.

அந்தப் பழக்கத்தை நான் மாற்றிக்கொள்ளக் காரணமான நிகழ்வு இது. பயிற்சி ஆசிரியை இதைப் படித்துச் சம்மதம் சொன்னார். மாணவனுக்கும் அவன் வீட்டாருக்கும் வாசித்துக் காட்டினேன். யாருடைய பெயரும் இதில் இல்லை. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை விட்டுவிட்டேன்.

மையம்

மாற்றுக் கல்வி என்ற பெயருக்குள் பலவும் அடங்கும். வேறொரு கல்விக் கொள்கையை நம்பி நடக்கும் பள்ளிகளையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். எங்களுடையது வேறு வகை. பள்ளியில் இருந்து நீக்கப்பட்டவர்கள், இடையில் நின்றவர்கள், பள்ளி என்றாலே வயிறு வலித்து வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள், இவர்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி பள்ளிக்கோ, தனித்தேர்வுக்கோ, தொழிற்பயிற்சிக்கோ அனுப்பி வைக்கிற இடம்.

இந்த நிகழ்வு நடந்த வகுப்பில் 9 பேர், 13 வயதில் இருந்து 16 வயது வரை. ஒரு பாடவேளை 25 நிமிடம். வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருப்போம். கதவை மூடுவதில்லை. வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்சு உண்டு. உட்கார முடியாத நிலை வந்தால், தங்கள் அட்டையை மேசையில் வைத்துவிட்டு யாரையும் கேட்காமல் 10 நிமிடம் அங்கே போய் இருக்கலாம். புதிதாக வருகிறவர்களுக்கு இது ஒழுங்கில்லாத இடமாகத் தெரியும். பிள்ளைகள் தினமும் திரும்பி வருவதற்கு இந்த ஏற்பாடுதான் பெரிய காரணம்.

பயிற்சி ஆசிரியை

கல்வியியல் கல்லூரி அவரை 12 வாரத்துக்கு அனுப்பியிருந்தது. முதல் 2 வாரம் கவனிப்பு, பிறகு குறைந்தது 20 பாடங்கள், நடுவில் விரிவுரையாளர் 2 முறை வந்து பார்ப்பார். பாடம் கணிதம். "நான் கேட்டது பெரிய பள்ளிதான் சார், இங்க போட்டுட்டாங்க" என்று முதல் நாளே வெளிப்படையாகச் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

தயாரிப்பில் குறை சொல்ல முடியாது. பாடக்குறிப்பு சுத்தமாக இருக்கும். கரும்பலகையில் கை நடுங்காமல் எழுதுவார். நுண்ணிலைக் கற்பித்தல் பயிற்சியில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவர். 1963-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ட்வைட் ஆலனும் அவருடன் இருந்தவர்களும் உருவாக்கிய முறை அது. கற்பித்தலைச் சிறு சிறு திறன்களாகப் பிரித்து, சில நிமிடப் பாடமாக நடத்திப் பார்த்து, குறை கேட்டு, மறுபடி நடத்துவார்கள். நல்ல முறைதான். ஆனால் பல கல்லூரிகளில் மாணவர்களாக உட்காருவது உடன் படிக்கிற பயிற்சி ஆசிரியர்களே. கேள்வி கேட்டால் பதில் சொல்வார்கள், வாசிக்கச் சொன்னால் வாசிப்பார்கள். மாட்டேன் என்று ஒருவரும் சொல்வதில்லை. எங்கள் மையத்தில் ஒரு நாளின் பாதி "மாட்டேன்" என்ற சொல்லோடுதான் கழியும்.

முதல் 2 வாரம் அவர் நிறைய எழுதிக்கொண்டார். யார் யாரோடு உட்காருகிறார்கள், யார் எப்போது அட்டையை வைத்துவிட்டுப் போகிறார்கள் என்றெல்லாம். ஒரு பையனைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்: "கணக்கு மனதிலேயே போடுகிறான். கேட்ட உடனே விடை. நோட்டில் எழுதுவதில்லை. சோம்பல்?"

அந்தக் கேள்விக்குறியை நான் பார்த்தேன். பதில் அலமாரிக்குள் இருந்தது. சொல்லவில்லை.

மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை

அந்தப் பையனுக்கு அப்போது 15 வயது. 14 மாதம் எந்தப் பள்ளிக்கும் போகாமல் இருந்துவிட்டு எங்களிடம் வந்தவன். மதியத்துக்கு மேல் உறவினர் ஒருவரின் சைக்கிள் பட்டறையில் வேலை. அவனுக்கு வாசிப்பு வராது என்பது கோப்பில் முதல் பக்கத்திலேயே இருந்தது. முந்தைய பள்ளியில் இருந்து நின்றதும் வகுப்பில் உரக்க வாசிக்கச் சொன்ன ஒரு நாளுக்குப் பிறகுதான். அதுவும் இருந்தது.

பாடம் கோணங்கள். ஒரு நேர்கோட்டின் மேல் ஒரு கோணம் 65 பாகை என்றால் பக்கத்துக் கோணம் எவ்வளவு என்று அவர் கேட்டார். மற்றவர்கள் நோட்டைத் திறப்பதற்குள் அவன் "நூத்திப் பதினஞ்சு" என்றான். பயிற்சி ஆசிரியைக்கு முகமெல்லாம் மலர்ச்சி. மூன்று வாரத்தில் அவன் வகுப்பில் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவனைப் பெருமைப்படுத்த வேண்டும் என்று அந்த நொடியில் அவருக்குத் தோன்றியிருக்கிறது. புத்தகத்தை அவன் கையில் கொடுத்து, "சூப்பர். அடுத்த கணக்கை நீயே எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டு" என்றார்.

"கண்ணு வலிக்குது டீச்சர்."

"பரவாயில்ல, ஒரு வரிதான்."

அவன் கதவைப் பார்த்தான். முன் வரிசையில் ஒரு பெண், "நான் வாசிக்கிறேன் டீச்சர்" என்று எழுந்தாள். அவளுக்கு விஷயம் தெரியும், அதனால்தான் எழுந்தாள். "இல்லம்மா, அவனே வாசிக்கட்டும்" என்றார் இவர்.

அவன் வாசித்தான். "இரண்டு காடுகள்..."

புத்தகத்தில் இருந்தது "இரண்டு கோடுகள்". பின்னால் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். புத்தகம் பறந்து பலகையில் மோதியது. நாற்காலி விழுந்தது. குப்பைக்கூடையை உதைத்ததில் அது உடைந்தது. "உட்காரு! முதல்ல உட்காரு!" என்று பயிற்சி ஆசிரியை குரலை உயர்த்தினார். அவன் வாசலைத் தாண்டிப் போய்விட்டான். வாசிக்கச் சொன்னதில் இருந்து வெளியே போனது வரை நான்கு நிமிடம்கூட இருக்காது.

அந்த நான்கு நிமிடமும் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கண் வலிக்கிறது என்று அவன் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. பயிற்சி ஆசிரியரின் பாடத்துக்கு நடுவில் வழிகாட்டி குறுக்கிடக் கூடாது என்ற மரியாதையில் பேசாமல் இருந்தேன். அந்த மரியாதைக்கான விலையைக் கொடுத்தது அவன்.

அன்று மாலை

பயிற்சி ஆசிரியை அழவில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததை முன்நிகழ்வு, நடத்தை, பின்விளைவு என்று மூன்று கட்டமாக எழுதச் சொன்னேன். நடத்தைப் பகுப்பாய்வில் எல்லோரும் முதலில் கற்கும் அட்டவணை இது. முன்நிகழ்வு என்ற கட்டத்தில் "வாசிக்கச் சொன்னேன்" என்று ஒரே வரி எழுதினார்.

"இன்னும் கொஞ்சம் முன்னால போங்கம்மா. நிமிஷம் நிமிஷமா எழுதுங்க" என்றேன்.

எழுத எழுத அவருக்கே தெரிந்தது. கண் வலி என்று சொன்னது ஒரு வழி. கதவைப் பார்த்தது இன்னொரு வழி. அந்தப் பெண் எழுந்து நின்றது மூன்றாவது வழி. தப்பிப்பதற்கு மூன்று வழி இருந்தது, மூன்றையும் தானே அடைத்துவிட்டோம் என்று எழுதினார். அந்த வரியின் கீழே நான் என் பெயரையும் எழுதினேன். வழிகளைத் திறக்கக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

ஜெஃப் கோல்வின் என்ற கல்வியாளர் வகுப்பறைக் கொந்தளிப்பை ஏழு கட்டமாகப் பிரிப்பார்: அமைதி, தூண்டுதல், பதற்றம், வேகமெடுத்தல், உச்சம், தணிதல், மீட்சி. எங்கள் ஆசிரியர் அறையில் இந்த வளைகோட்டின் படம் ஒட்டியிருக்கிறது. தூண்டுதலிலும் பதற்றத்திலும் ஆசிரியரால் நிறையச் செய்ய முடியும். வேலையை மாற்றிக் கொடுக்கலாம், இடத்தை மாற்றலாம், சும்மா பக்கத்தில் போய் நிற்கலாம். உச்சத்தில் இருக்கும் பிள்ளைக்கு உத்தரவு காதில் ஏறாது. அப்போது செய்யக்கூடியது மற்றவர்களுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்வது, குரலைத் தாழ்த்துவது, வழியை விடுவது, அவ்வளவுதான். "உட்காரு" என்று அவர் கத்தியது உச்சத்தில். முதல் மூன்று கட்டமும் ஒரு நிமிடத்துக்குள் ஓடி மறைந்திருந்தன. இந்தப் படத்தை அவர் இரண்டு வாரமாகத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எந்தப் பிள்ளைக்கு எது தூண்டுதல் என்று தெரியாதவருக்கு அந்தப் படத்தால் என்ன பயன்?

அப்போதுதான் அலமாரியைத் திறந்து கோப்பைக் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு அவர் நிமிர்ந்து, "இது உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டார். தெரியும் என்றேன். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. அதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அலமாரியைப் பூட்டியதற்கு நான் எல்லோரிடமும் சொல்லும் நியாயம் ஒரு பழைய ஆய்வு. ராபர்ட் ரோசந்தால், லெனோர் ஜேக்கப்சன் இருவரும் 1968-ல் வெளியிட்டது. ஒரு தொடக்கப் பள்ளியில் சில மாணவர்களின் பெயர்களைச் சொல்லி, இவர்கள் இந்த வருடம் வேகமாக வளர்வார்கள் என்று ஆசிரியர்களை நம்ப வைத்தார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் குலுக்கல் முறையில் எடுத்தவை, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாணவர்கள். வருட முடிவில், முக்கியமாக முதல் இரண்டு வகுப்புகளில், அந்தப் பிள்ளைகளின் சோதனை மதிப்பெண் மற்றவர்களைவிடக் கூடியிருந்தது. அந்த விளைவு எவ்வளவு பெரியது என்று பிற்பாடு நிறைய வாதம் நடந்தது. எதிர்பார்ப்பு பிள்ளையைத் தொடும் என்ற அளவில் நான் அதை நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

ஆனால் அந்த ஆசிரியர்களிடம் சொல்லப்பட்டது ஒரு கணிப்பு. இந்தப் பிள்ளை இப்படி ஆகும் என்கிற செய்தி. நான் பூட்டி வைத்ததில் கணிப்பும் இருந்தது, வழிச்செய்தியும் இருந்தது. "அடங்காதவன்" என்பது கணிப்பு. "உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள்" என்பது வழிச்செய்தி. வாகனம் ஓட்ட வருகிறவரிடம் இந்த வண்டி மோசமானது என்று சொல்ல வேண்டியதில்லை. இடது பிரேக் பிடிக்காது என்பதைச் சொல்லியாக வேண்டும். 11 வருடமாக இரண்டையும் ஒரே பூட்டுக்குள் வைத்திருந்தேன்.

ஆறு நாள்

புதன்கிழமை அவன் வரவில்லை. வியாழன், வெள்ளி வரவில்லை. பயிற்சி ஆசிரியை உடனே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். அந்த மன்னிப்பு யாருக்குத் தேவை, அவனுக்கா உங்களுக்கா என்று யோசித்துப் பாருங்கள் என்றேன். கடுமையாகத்தான் கேட்டேன். ஆனால் கொதிப்பு அடங்குவதற்குள் வாசலில் போய் நிற்கும் ஆசிரியர் பிள்ளைக்கு இன்னொரு பார்வையாளர் ஆகிவிடுவார்.

அடுத்த புதன் மாலை இருவரும் பட்டறைக்குப் போனோம். வீட்டில் முன்னதாகச் சொல்லியிருந்தோம். அவன் ஒரு சக்கரத்தின் கோணலை எடுத்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை. பயிற்சி ஆசிரியை பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். அவன் விரலால் ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிக் காட்டினான். இறுக்கமான கம்பி கணீரென்று கேட்கும், தளர்ந்தது சத்தம் தாழ்ந்து கேட்கும். அவர் சுண்டிப் பார்த்துத் தவறான கம்பியைச் சொன்னார். அவன் திருத்தினான். இரண்டாவது தடவை சரியாகச் சொன்னார்.

கிளம்பும்போதுதான் பேசினார். "அன்னைக்கு உன்ன வாசிக்கச் சொன்னது என் தப்பு. நீ சொன்னத நான் கேக்கல. இனிமே உன்ன முன்னாடியே கேக்காம எதையும் வாசிக்கச் சொல்ல மாட்டேன்."

"அந்தப் பக்கம் நிக்காதீங்க டீச்சர், கிரீஸ் ஒட்டும்" என்றான் அவன். வியாழக்கிழமை காலை வகுப்புக்கு வந்துவிட்டான்.

வந்த பிறகும் வேலை இருந்தது. நாங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். என்ன நடந்தது, அப்போது மனதில் என்ன ஓடியது, யாருக்கு என்ன பாதிப்பு, சரிசெய்ய என்ன செய்யலாம். சிரித்தவர்களில் ஒருவன், "காடுன்னு கேட்டதும் சிரிப்பு வந்துருச்சு, அவனப் பாத்துச் சிரிக்கல" என்றான். அது உண்மையாகவும் இருக்கலாம். இவன் உடைந்த கூடையைக் கம்பி கட்டிச் சரிசெய்து கொண்டுவந்து வைத்தான். பயிற்சி ஆசிரியையும் அந்த வட்டத்தில் தன் பங்கைச் சொன்னார். ஆசிரியர் ஒருவர் தங்கள் முன்னால் அப்படிச் சொல்லி அந்தப் பிள்ளைகளில் பலர் கேட்டதே இல்லை.

கொம்பு

ஐந்தாம் வாரத்தில் அவனே கேட்டான், தனியாகச் சொல்லித் தருவீர்களா என்று. காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன் 15 நிமிடம், வாரத்துக்கு நான்கு நாள் என்று முடிவானது.

இங்கே பயிற்சி ஆசிரியையின் கணித மூளை உதவியது. அவனுக்கு வாசிப்பு வராது என்ற கோப்பு வரியை அவர் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. 60 சொற்கள் உள்ள ஒரு பத்தியை வாசிக்க வைத்து, ஒவ்வொரு சொல்லையும் அவன் எப்படிச் சொன்னான் என்று குறித்துக்கொண்டார். நியூசிலாந்தின் மேரி கிளே பரவலாக்கிய குறிப்பு முறை இது. 17 சொற்கள் தவறு. அந்த 17-ஐயும் வரிசையாக எழுதிப் பார்த்தார். "கோடு" என்பதைக் "காடு" என்றிருக்கிறான். "பொய்" பாய் ஆகியிருக்கிறது. "செடி" சடி. "மொழி" மாழி. 14 சொற்களில் ஒரே பிழை. எழுத்துக்கு இடப்பக்கம் வரும் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக் கொம்பு எதையும் அவன் பார்ப்பதே இல்லை. "கொ" என்ற எழுத்தில் கொம்பை விட்டுவிட்டால் மிஞ்சுவது துணைக்காலோடு "கா"தானே. அவன் மிச்சத்தைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறான்.

அதைக் கண்டுபிடித்த நாளில் அவர் என்னிடம் ஓடிவந்தார். "சார், இவனுக்கு வாசிக்கத் தெரியும். ஒரே ஒரு விதிதான் தெரியல!"

தமிழில் இது நியாயமான குழப்பம். வாயில் முதலில் வருவது மெய்யொலி, பிறகு உயிரொலி. கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. சிறு வயதில் பயிற்சியில் பழகிவிடுவதால் நமக்கு அது உறைப்பதில்லை. இரண்டாம் வகுப்பில் நீண்ட நாள் பள்ளிக்கு வராமல் இருந்த பிள்ளை அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் "வாசிக்கத் தெரியாதவன்" என்ற பெயர் மட்டும் கூட வருகிறது.

எதைக் கொண்டு சொல்லித் தருவது? 15 வயதுப் பையனிடம் படம் போட்ட முதல் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் அதுவே அவமானம். அவர் பட்டறையை எடுத்துக்கொண்டார். செயின், பேரிங், சைக்கிள், கொக்கி, ஸ்போக், டைனமோ. கொம்பு வகை எல்லாமே சைக்கிளில் இருந்தன. பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே செய்தது இந்த வழிதான். 1963-ல் அங்கிகோஸ் என்ற ஊரில் 300 தொழிலாளர்களுக்கு ஏறக்குறைய 40 மணி நேரத்தில் எழுத்தறிவு கொடுத்த முயற்சியால் அவர் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. கற்பவர்களின் அன்றாட வாழ்க்கையில் புழங்கும் சொற்களை எடுத்து, அசைகளாகப் பிரித்து, அந்த அசைகளில் இருந்து புதுச் சொற்களைக் கட்ட வைப்பார். பயிற்சி ஆசிரியை இதைத் தேர்வுக்காகப் படித்திருந்தார். ஒரு பையன் "பேரிங்" என்ற சொல்லில் இருந்து "பேனா"வும் "பேச்சு"ம் எடுப்பதை நேரில் பார்த்தபோதுதான் அது தனக்குப் புரிந்தது என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

கொம்பு பிடிபட்டது கைபேசியால். ஒரு நாள் அவன் தன் கைபேசியில் "கெ" அடிக்கப் பார்த்தான். முதலில் "க" அடித்து, பிறகு "எ" அடித்தான். கொம்பு தானாக எழுத்துக்கு முன்னால் போய் நின்றது. திரும்பத் திரும்ப அழித்து அழித்து அடித்துப் பார்த்தான். "டீச்சர், சத்தம் பின்னாடி வருது, கொம்பு முன்னாடி ஓடிருது" என்றான். நாங்கள் யாரும் அவ்வளவு தெளிவாக அந்த விதியைச் சொன்னதில்லை.

இன்னொன்றையும் அவர் அந்த 15 நிமிடத்தில் தன்னிடம் திருத்திக்கொண்டார். அவன் ஒரு சொல்லில் தயங்கினால் இவர் உடனே சொல்லிக் கொடுத்துவிடுவார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுதான் காத்திருக்கிறார்கள், 3 நொடி காத்தாலே பதில்கள் நீளமாகவும் தெளிவாகவும் வருகின்றன என்று மேரி பட் ரோ 1970-களில் காட்டியிருக்கிறார். இவர் தன் பாடத்தை ஒலிப்பதிவு செய்து நேரம் பார்த்தார். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு மனதுக்குள் மூன்று வரை எண்ணப் பழகினார். தயங்கிய சொற்களில் பாதியை அவன் அந்த இடைவெளியில் தானே பிடித்தான்.

மொத்தம் 26 அமர்வு, ஆறரை மணி நேரம். 11-ஆம் வாரம் அதே தரத்தில் 100 சொல் பத்தி ஒன்றை வாசித்தான். 6 தவறு. மேரி கிளே முறையில் சரியாக வாசித்த சொற்கள் 90 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் பத்தி அந்தப் பிள்ளைக்கு மிகக் கடினம், 90 முதல் 94 வரை கற்பிக்க ஏற்றது. ஆங்கிலம் வாசிக்கும் சிறு பிள்ளைகளுக்காக உருவான அளவு அது, தமிழுக்கு அப்படியே பொருத்த மாட்டேன். ஆனாலும் 72 விழுக்காட்டில் இருந்து 94 என்பது அவனுக்கே கண்ணால் பார்த்து நம்பக்கூடிய எண். கணக்குப் பையன் இல்லையா, விழுக்காட்டை அவனே போட்டான்.

ஒரு குறையை இங்கே சொல்லியாக வேண்டும். இந்த வாரங்களில் பயிற்சி ஆசிரியையின் கவனம் பெரும்பாலும் ஒருவன் மேலேயே இருந்தது. அன்று "நான் வாசிக்கிறேன்" என்று எழுந்த பெண்ணிடம் பாடத்தைத் தாண்டி அவர் பேசியதே இல்லை. எட்டாம் வாரத்தில் அவள் ஒரு காரணமும் சொல்லாமல் இரண்டு நாள் வராமல் இருந்தபோதுதான் இருவருக்கும் அது உறைத்தது. சத்தம் போடாத பிள்ளைகள் இப்படித்தான் விடுபட்டுப் போகிறார்கள்.

மதிப்பெண் படிவம்

விரிவுரையாளர் முதலில் வந்தது ஐந்தாம் வாரம். படிவத்தில் வகுப்பறைக் கட்டுப்பாட்டுக்கு 10-க்கு 4 போட்டார். இரண்டு பேர் வெளியே பெஞ்சில் இருந்தார்கள், ஒருவன் பாடம் முழுக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான் என்பது காரணம். ஜன்னலைப் பார்த்தவன் இவன்தான். திரும்பி வந்த புதிதில் முதுகைக் காட்டிக்கொண்டே எல்லா விடையும் சொன்னான். ஆறு நாள் வராதவன் வகுப்புக்குள் இருக்கிறான் என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கையில் கொடுத்த படிவத்தை நிரப்பினார். அது 40 பேர் வரிசையாக உட்காரும் வகுப்புக்காகச் செய்த படிவம். மூன்று வார வருகைப் பதிவையும், அட்டை முறை பற்றிய விளக்கத்தையும், பயிற்சி ஆசிரியை நிமிடக் கணக்கில் எழுதிய பகுப்பாய்வையும் ஒரு கடிதத்தோடு கல்லூரிக்கு அனுப்பினேன். பத்தாம் வாரம் வந்தபோது அவர் பாடம் முடிந்தும் ஒரு மணி நேரம் இருந்து பிள்ளைகளோடு பேசிவிட்டுப் போனார். மதிப்பெண் 7 ஆனது. படிவம் மாறவில்லை.

கல்லூரிகளிடம் நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. இந்த மாதிரி மையங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் என்று துண்டு துண்டாக அனுப்ப வேண்டாம். தொடர்ச்சியாக அனுப்புங்கள். பாடம் உடைந்த நாளுக்கு மறுநாள் ஆசிரியர் வந்து நிற்பதுதான் இங்கே பாடத்தின் பாதி. படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: திட்டமிட்டபடி நடக்காத ஒரு பாடத்துக்குப் பிறகு இவர் என்ன செய்தார்? அந்த ஒரு வரி இருந்திருந்தால் இவர் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார்.

விடைபெறுதல்

எங்கள் பிள்ளைகள் பலருக்கு, பெரியவர்கள் சொல்லாமல் போய்விடுவது பழகிப்போன விஷயம். பயிற்சிக் காலம் முடிந்து கடைசி நாளில் இனிப்புக் கொடுத்துவிட்டுப் போவது அவர்களுக்கு இன்னொரு காணாமல் போதல். அதனால் ஒன்பதாம் வாரமே சுவரில் நாள்காட்டி மாட்டி, கடைசி நாளில் வட்டம் போட்டோம். "நீங்களும் போயிருவீங்களா?" என்று ஒரு சின்னப் பையன் கேட்டான். ஆமாம் என்று அவர் நேராகச் சொன்னார். பத்தாம் வாரம் அவன் அவரிடம் எடுத்தெறிந்து பேச ஆரம்பித்தான். விட்டுவிட்டுப் போகப்போகிறவரை முந்திக்கொண்டு தான் விட்டுவிடுவது அது. முன்னாலேயே பேசி வைத்திருந்ததால் அவர் அதைத் தன்மேல் எடுத்துக்கொள்ளவில்லை.

வாசிக்கும் பையன், "அப்புறம் எனக்கு யாரு?" என்று மட்டும் கேட்டான். பத்தாம் வாரத்தில் இருந்தே எங்கள் நிரந்தர ஆசிரியை ஒருவர் காலை அமர்வில் கூட உட்கார ஆரம்பித்தார். மூன்று நாள் சும்மா பார்த்தார். நான்காம் நாள் அவர் நடத்த, பயிற்சி ஆசிரியை சும்மா பார்த்தார்.

ஒரு பக்கத் தாள்

இப்போது அலமாரி பூட்டித்தான் இருக்கிறது. குடும்பக் கதையும், பழைய பள்ளியின் புகார்களும், வழக்கு விவரங்களும் அதற்குள்ளேயே இருக்கின்றன. பயிற்சி ஆசிரியருக்கு அவை தேவையில்லை. வெளியே ஒரு மெல்லிய கோப்பு இருக்கிறது. அதில் ஆளுக்கு ஒரு பக்கம். எழுதுவது மாணவர்களே. எழுத முடியாதவர்கள் சொல்ல, நாங்கள் எழுதுவோம். எனக்கு எது நன்றாக வரும், எது கஷ்டம், எனக்குக் கோபம் வருகிறது என்று எப்படித் தெரியும், அப்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும். இவ்வளவுதான் கேள்வி. யோசனை பயிற்சி ஆசிரியையுடையது. ஒரு பையன் வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தான். அதையும் அப்படியே வைத்திருக்கிறோம்.

இவன் தாள் அவன் கையாலேயே எழுதியது. கணக்கு நன்றாக வரும் என்று முதல் வரி. அடுத்து: "என்ன வாசிக்க சொல்லனும்னா முதல் நாளே பக்கத்த காட்டுங்க. கண்ணு வலிக்குதுன்னு சொன்னா கண்ணு வலி இல்ல. வெளிய போனா பின்னாடி வராதிங்க. நானே வருவேன்."

அடுத்த தொகுதியில் வந்த பயிற்சி ஆசிரியர் முதல் நாள் மதியம் அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். மாலை கிளம்பும் நேரத்தில் அவனிடம் போய், நாளைக்கு நடத்தப்போகும் பக்கத்தைத் திறந்து காட்டினார். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூன்றாவது கணக்கில் விரலை வைத்தான்.